ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் எறும்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஊசி குத்தினால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று யாரோ ஒரு நோயாளி சொல்லப்போக, பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷமாக அதே ஊசி நாற்காலி அவளுடையது. காலை ஆறரைக்குக் கதவு திறந்தால், வெறும் வயிற்றோடு நிற்பவர்களில் பாதிப் பேர், "அந்த அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டு வாங்குவார்கள். அவளுக்கு அதில் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில் அவளுக்குப் பேர் கிடைத்தது?

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை தோறும், வாரத்தின் முதல் வேலையாக, ஊழியர் ஒருவரின் ரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். நன்றாக இருக்கிற உடம்பின் ரத்தம் நன்றாக இருக்கிறது என்று வந்தால் இயந்திரங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று அர்த்தம். அந்த நல்ல உடம்பு அவளுடையது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். பத்தொன்பது வருஷத்தில் காய்ச்சல் என்று ஒரு வாரத்துக்கு மேல் படுத்தவள் இல்லையே!

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிமிர்த்தி நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி இருந்தால் சிவப்பு வேகமாக இறங்கும். ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு முப்பது மில்லிமீட்டர் வரை இருந்தால் யாரும் பதறமாட்டார்கள். ஒரு திங்கட்கிழமை அவள் குழாயில் ஐம்பத்திரண்டு காட்டியது.

"ஸ்டாண்டு சாஞ்சிருக்கு," என்றார் மெஷின்காரர். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர், அவளுக்கு அண்ணன் முறை கொண்டாடுகிறவர். குழாய் கொஞ்சம் சாய்ந்தாலே சிவப்பு சீக்கிரம் இறங்கிவிடும் என்பது உண்மைதான். மனுஷன் கட்டட வேலைக்காரர் ஒருவரிடம் ரசமட்டம் இரவல் வாங்கிவந்து, ஸ்டாண்டின் காலுக்கு அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தார். அடுத்த திங்கள் ஐம்பது. அட்டையை மாற்றினார். ஐம்பத்து நாலு.

பிறகு சி.ஆர்.பி. என்ற சோதனைக்குப் புது கிட் வந்தது. அதுவும் அழற்சியைக் காட்டுவதுதான். ஐந்துக்குள் இருக்க வேண்டியது அவளுக்குப் பதினான்கு. "கிட் சரியில்லை" என்று பதிவேட்டில் எழுதிப் பெட்டியோடு கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினார்கள். வேறு கம்பெனி கிட் வந்தது. பதிமூன்று.

"ரெண்டு கம்பெனியும் ஒரே குட்டையில ஊறின மட்டைதான் தங்கச்சி," என்றார் மெஷின்காரர்.

அவளும் சிரித்தாள். குழாயைச் சந்தேகப்பட்டார்கள், கிட்டைச் சந்தேகப்பட்டார்கள், மேஜையைக்கூடச் சந்தேகப்பட்டார்கள். ரத்தத்தைச் சந்தேகப்பட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இல்லை, பொய் சொல்வானேன், அவளுக்குக் கொஞ்சம் தோன்றியது. தோன்றியதை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஏனென்றால் விரல்கள் அவளுக்குத்தான் தெரியும். காலையில் எழுந்தால் இரண்டு கையும் மூடாது. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். மாடிப்படியில் கைப்பிடி இல்லாமல் ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் பேருந்தில், தலை முழுக்க வெளுத்த ஒரு ஆள் எழுந்து, "உக்காருங்கம்மா," என்று இடம் கொடுத்தார். ஐம்பத்தோரு வயது அவளுக்கு! உட்கார்ந்தாள். இறங்குகிற வரைக்கும் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் வீட்டில் சொன்னாளா? ஊஹூம். வீட்டுக்காரர் பேக்கரி வண்டி ஓட்டுபவர். பெண்டாட்டி சோர்ந்து வருகிறாள் என்று தெரிந்தால் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், மிஞ்சிப்போன க்ரீம் பன்னில் நல்லதாகப் பார்த்து நாலு கொண்டுவருவது. அவளும் அதை ஆசையாகத் தின்றுவிட்டு, பதினொன்றரை வரை டிவி பார்த்துவிட்டு, நாலரைக்கு எழுந்துவிடுவாள். காலைச் சாப்பாடு என்ற ஒன்றையே அவள் மறந்து பல வருஷம் ஆயிற்று. பதினோரு மணிக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, ஒரு பன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கணக்கு வாத்தியார் விஷயம் நடந்தது. ஓய்வுபெற்ற மனிதர். இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த அளவைப் பார்க்க மாதாமாதம் வருவார். நூல் மாதிரி நரம்பு. கூடத்தின் விதி என்னவென்றால், ஒருவர் இரண்டு குத்துக்கு மேல் குத்தக் கூடாது. கிடைக்காவிட்டால் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு அவள் முதல் குத்தில் நரம்பைத் தவறவிட்டாள். இரண்டாவதிலும் தவறவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் யாரிடமும் ஊசியைக் கொடுத்ததில்லை. மூன்றாவது குத்தினாள்.

ரத்தம் வந்தது. ஆனால் வாத்தியார் எழுந்து போவதற்குள் முழங்கை மடிப்பில் நாவல்பழம் மாதிரி புடைத்துவிட்டது. மறுநாள் அவருடைய மகள் வந்து, கை முழுக்கக் கருநீலமாக இருந்த படத்தை ஃபோனில் காட்டினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

கூடத்தை நடத்துகிற டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டார். நாற்பது வயதுக்காரர், அவளை அக்கா என்றுதான் அழைப்பார்.

"ரெண்டோட நிறுத்தியிருக்கலாமே அக்கா?"

"நிறுத்தியிருக்கணும் டாக்டர்."

"கையைக் காட்டுங்க."

காட்டினாள். டாக்டர் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். மூன்றாவது விரலில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் மேஜையில் கிடந்த திங்கட்கிழமைப் பதிவேட்டைப் புரட்டினார். அன்று காலைதான் கிட் கம்பெனிக்காரர்கள், எங்கள் சரக்கில் குறையே இல்லை என்று கடிதம் போட்டிருந்தார்கள்.

"ஸ்டாண்டு சாயுது, கிட் சரியில்லன்னு ஏழு மாசமா எழுதியிருக்கு. இது யாரோட ரத்தம் அக்கா?"

ஆயிரக்கணக்கான பேருடைய எண்களைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, டாக்டரைப் பாருங்க" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பியவளுக்குத் தன் எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை.

"என்னோடதுதான்."

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மெஷின்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவளே நோயாளி. முடக்குவாதச் சோதனை, சர்க்கரை, தைராய்டு, எக்ஸ்ரே படங்கள் என்று எல்லாம் எடுத்தார்கள். பயந்த மாதிரிப் பெரிய வியாதி எதுவும் இல்லை. மூட்டில் வயசுக்குரிய தேய்மானம், வயதுக்கு மேல் கொஞ்சம். கடைசியில் டாக்டர் கேட்டது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"பல் விளக்கினா ரத்தம் வருதா?"

"அது எல்லாருக்கும் வர்றதுதானே டாக்டர்?"

"எத்தனை வருஷமா?"

யோசித்துப் பார்த்தாள். ஆறு வருஷம் இருக்கும். நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைத் துடைக்கிறவளுக்குத் தன் ரத்தம் தினம் தொட்டியில் போவது ஒரு பொருட்டாகவே படவில்லை. இதைக் கேட்டால் சிரிப்பதா, அழுவதா?

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "அடிபட்டா வீங்கும், சிவக்கும், சுடும். அது நல்லதுக்குத்தான். உடம்பு ஆளை அனுப்பிச் சரிபண்ணுது. வேலை முடிஞ்சா அந்த ஆளுங்க கிளம்பிடணும். உங்களுக்கு ஈறுல புண்ணு ஆறவே இல்ல. இடுப்பைச் சுத்திப் போட்ட கொழுப்பு வேற, தூக்கமில்லாதது வேற. அதனால அவங்க கிளம்பாம உள்ளயே சின்னதா ஒரு கலவரம் பண்ணிட்டே இருக்காங்க. ரத்தக் குழாய், மூட்டு, சதை, எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். வயசுக்கு முன்னாடி வயசாகுறதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு."

"விருந்தும் மருந்தும் மூணு நாள்தான்னு சொல்வாங்க," என்றாள் அவள் மெதுவாக.

"அதேதான். உங்க விருந்தாளி ஆறு வருஷமா உக்காந்திருக்கார்."

"மாத்திரை?"

"தினம் வலி மாத்திரை போட்டா வயித்துக்கும் சிறுநீரகத்துக்கும்தான் கேடு. ஈறைச் சரி பண்ணுங்க. நேரத்துக்குத் தூங்குங்க, நடங்க, சாப்பாட்டை மாத்துங்க. மாசக்கணக்கா ஆகும். எல்லாம் சரியாயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அதுவரைக்கும் நீங்க கவுன்டர்ல உக்காருங்க அக்கா. விரல் சரியாகலேன்னா அங்கேயே இருக்க வேண்டியதுதான்."

அதுதான் இடி. வியாதி என்று சொன்னபோதுகூடக் கலங்காதவள், கவுன்டர் என்றதும் கலங்கிப்போனாள். ஊசியைக் கையிலிருந்து எடுத்துவிட்டால் அவள் யார்? சீட்டு கிழிக்கிற ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய், அன்றைக்குத்தான் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கையில் பன் பொட்டலம். கேட்டு முடித்துவிட்டு அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நான்தான் உன்னைக் கெடுத்தேனா?"

"நீங்க ஆசையாத்தானே கொண்டாந்தீங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. வெந்நீரு வச்சாவது குடுத்திருப்பேன்." சொல்லிவிட்டு மனுஷன் பொட்டலத்தை எட்டாத அலமாரியில் வைத்தார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஈறு வைத்தியம் நாலு தடவை. பல் டாக்டர் சுரண்டிய சுரண்டலில், பிறத்தியாருக்கு ஊசி குத்துகிறவளுக்கு ஊசி என்றால் என்னவென்று தெரிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, 'இத்தனை பேர் என் முன்னால் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்களா' என்று நினைத்துக்கொண்டாள். விடியற்காலையில் வீட்டுக்காரர் இரண்டு முட்டை அவித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார். க்ரீம் பன்னின் இடத்துக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் பழமும் வந்தன. மீனும் கீரையும் பருப்பும் வாரத்தில் பாதி நாள் சமைத்தார்கள். அவளுக்குச் சப்பென்றிருந்தது, நாக்கு என்ன, சொன்னதைக் கேட்கிற பிள்ளையா? சாயங்காலம் வண்டியை இரண்டு நிறுத்தம் தள்ளி நிறுத்திவிட்டு, "வா, பேசிட்டே நடக்கலாம்," என்பார் அவர். பேசிக்கொண்டு எங்கே நடந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டுதான் நடந்தார்கள். ஒன்பதரைக்கு டிவியை அணைப்பதில் தொடங்கும் சண்டை மறுநாள் நடையில்தான் முடியும்.

இரண்டு மாதம் கழித்துத் தன் ரத்தத்தைத் தானே எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் குழாயின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொன்பது. சாமான் அறைக்குள் போய், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதாள். இவ்வளவு பாடுபட்டு மூன்றே மில்லிமீட்டரா! அன்று சாயங்காலம் வழியில் ஒரு கடையில் நின்று இரண்டு க்ரீம் பன் தின்றாள். தின்றுவிட்டு, வீட்டுக்கு நடந்தே போனாள்.

மறுநாளும் முட்டை டப்பா வந்தது. அவளும் எடுத்துக்கொண்டாள். விடாப்பிடி என்று சொல்ல முடியாது, விட்டுவிட்டுப் பிடித்தாள். ஐந்தாம் மாதம் நாற்பது. எட்டாம் மாதம் முப்பத்தொன்று, சி.ஆர்.பி. ஆறு. ஈறில் ரத்தம் வருவது நின்று வெகுநாள் ஆகியிருந்தது. இளமை ஒன்றும் திரும்பி வந்துவிடவில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான், இரண்டு விரல் இன்னும் கோணல்தான். ஆனால் எழுந்த பத்து நிமிஷத்தில் கை மூடியது. வலி மாத்திரை அட்டை வாங்கி மூன்று மாதம் ஆயிற்று.

"இன்னைக்கு நாற்காலியில உக்காருங்க அக்கா," என்றார் டாக்டர் ஒரு நாள் காலையில்.

அதிர்ஷ்டம் பாருங்கள், நாலாவதாக உள்ளே வந்தவர் கணக்கு வாத்தியார். கூடவே அவருடைய மகள். இந்த எட்டு மாதமும் அவர் வந்துகொண்டுதான் இருந்தார். கவுன்டரில் குனிந்த தலை நிமிராமல் சீட்டு போட்டுக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்குக் குனிய முடியாது.

"சார், அன்னைக்கு நான் மூணாவது குத்து குத்தியிருக்கக் கூடாது. விதி தெரிஞ்சும் பண்ணினேன். கை சரியில்லன்னு ஒத்துக்க மனசு வரல."

வாத்தியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கூடாதுதான்ம்மா," என்றார். கணக்கில் தப்பைத் தப்பு என்றே போட்டுப் பழகிய மனிதர்.

"இன்னைக்கு ஒரு குத்துதான் குத்துவேன். வரலேன்னா வேற ஆளுகிட்ட குடுத்துடுறேன். அதுவும் வேணாம்னா இப்பவே அவங்களைக் கூப்பிடுறேன்."

மகள் வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். நீட்டியது அதே கையை.

அவள் பட்டையைக் கட்டினாள். விரல் நுனியால் தேடினாள். மெல்லிசாக ஒன்று, ஆழத்தில், விட்டால் நழுவிவிடும் போல. தன் விரலுக்கு அது தட்டுப்படுகிறது என்பதை நம்ப இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். ஊசியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்தினாள்.

குழாயில் சிவப்பு ஏறியது.

பட்டையை அவிழ்த்து, ஊசியை உருவி, பஞ்சை வைத்து அவருக்காகத் தானே ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்ல சார்," என்றாள் அவள். "இன்னைக்கு வலிக்கல."