லேகியச் சட்டி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் ஒரு தகரப் பெட்டியோடு சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டுக்குப் போனவன்தான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, கிணறுகூட அவளுடையது. நான் வட்டை விதானை. வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுப்பவன். வரம்பில் நின்று சத்தம் போட்டால் எதிர்த்துப் பேச ஆளில்லை. அந்த வீட்டில் மட்டும் குரலைத் தாழ்த்தியே பழகியிருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், எனக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு, உடம்பு என்னைக் கைவிட்டது. மனைவியோடு சேர முடியாதவனாகிப் போனேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. கூசட்டும். ஊரில் எத்தனையோ பேர் இதை மறைத்தே மௌத்தாகிப் போனார்கள். தாகம் வேறு அடங்கவில்லை, உடம்பும் வற்றிக்கொண்டு வந்தது. அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. எவனோ செய்வினை செய்துவிட்டான் என்று நம்பி, பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் குடித்தேன். பிறகு பொத்துவில் பக்கம் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரிசாரியிடம் பித்தளைச் சட்டி நிறைய லேகியம் வாங்கினேன். தேன், நெய், பேரீச்சம்பழம், பனங்கட்டி எல்லாம் போட்டுக் கிண்டியது. வழித்து வழித்துத் தின்றேன். தின்னத் தின்னச் சோர்ந்தேன். சோர்ந்ததால் இன்னும் தின்றேன்.

மனைவிக்குப் பக்கத்தில் படுக்கப் பயம். தண்ணீர்ப் பிரச்சினை என்று சொல்லி வயலில் இருந்த வாடிக் குடிசையிலேயே தங்கத் தொடங்கினேன். சட்டியும் அங்கேதான் ஒளிந்திருந்தது.

காலில் குத்திய முள் புண்ணாகி ஆறாமல் கிடந்ததால்தான் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் என் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் கொதிக்க வைத்தார். அது செங்கல் நிறமானது.

“சீனி வருத்தம் கடுமையா இருக்குது. வேற என்ன கரைச்சல்?”

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். லேகியத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு இன்றும் துஆச் செய்கிறேன்.

“அதுவும் இந்த வருத்தத்தாலதான். லேகியத்தை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. ஊசி போட்டுச் சாப்பாட்டைக் குறைச்சா சீனி இறங்கும். மற்றது திரும்பி வருமெண்டு என்னால சொல்லேலாது. அதுக்கெண்டு நல்ல மருந்து எங்களிட்ட இல்லை. வீட்டில சொல்லிட்டீங்களோ?”

“இல்ல.”

“அதை முதல்ல செய்யுங்கோ.”

சொல்வதில்லை என்ற முடிவோடுதான் பஸ் ஏறினேன். வந்து பார்த்தால் வாசலில் என் தகரப் பெட்டி. மேலே என் சாரன்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மனைவி கதவடியில் நின்றாள். அழுது முடித்த முகம்.

“எந்த ஊட்ட போறீங்களோ அங்கயே போங்க. ஒளிச்சு ஒளிச்சுப் போக வேணாம். அவள் ஆரெண்டு நான் கேக்கவும் மாட்டன்.”

எங்கள் ஊரில் ஒருவன் இராத்தங்க வராவிட்டால், வேறொருத்தியைக் கல்யாணம் முடித்துவிட்டான் என்றுதான் அர்த்தம். இது என் மண்டைக்கு ஏன் எட்டவில்லை என்று தெரியவில்லை. ஒரு கணம் எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆம்பிளையாகவே அந்த வீட்டை விட்டு இறங்கலாம். ஆனால் பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. பெட்டியின் மேலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப வேற ஊடு இல்லயா?”

“இல்ல.”

“இதுக்கா என்ன இவ்வளவு காலமும் அழ வெச்சீங்க?” என்று கத்தினாள். பிறகு, “எழும்புங்க” என்றாள். பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான்.

சோற்றை விட்டுக் குரக்கன் பிட்டுத் தின்றேன், ஊசி போட்டேன், புண் ஆறியது. மற்றது வரவேயில்லை. அவளும் ஒருநாளும் கேட்கவில்லை. வாடியிலிருந்து அந்தப் பித்தளைச் சட்டியைக் கொண்டுவரச் சொல்லி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அன்றிலிருந்து காலையில் என் கண்ணாடி ஊசியை அதில்தான் கொதிக்க வைத்தாள்.