வீட்டுக்குக் கிடைத்த அசூல்

புதுப் பெயின்ட் மணம் மூக்கில் ஏறினால் போதும், எனக்குச் சித்திரை வருடப்பிறப்பு வந்துவிட்டது போலிருக்கும். பலகாரம் சுடுகிற எண்ணெய் மணம்கூட அதற்குப் பிறகுதான்.

ஷாஃப்ஹவுசன் பழைய நகரத்தில், கல் பாவிய ஒடுங்கிய தெருவொன்றில், ஜன்னல் மாடங்கள் வெளியே நீண்டு தெருவை எட்டிப் பார்க்கும் வீடுகளுக்கு நடுவே, எங்களுக்கும் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்திருந்தது. அகதி முகாமில் நாலைந்து குடும்பங்களோடு ஒரே "குசினி"யில் முண்டியடித்துச் சமைத்த அம்மாவுக்கு, தனக்கென்று ஒரு வாசற்கதவு கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. எங்கள் "அசூல்" முடிவுதான், அதாவது இந்த நாட்டில் இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்பதுதான், இன்னும் வரவில்லை.

அதற்காக வருடப்பிறப்புக்கு வர்ணம் பூசாமல் விடுவதாவது! ஊர்ப் பழக்கத்தில் அப்பா, மலிவு விற்பனையில் அகப்பட்ட கிளிப்பச்சையை அந்தப் பழங்காலக் கதவுக்கு இரண்டு பூச்சாகப் பூசிவிட்டார். சாம்பலும் மண்ணிறமுமாக அடக்க ஒடுக்கமாய் நின்ற தெருவில், எங்கள் கதவு மட்டும் கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் மாதிரி நின்றது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நகரசபையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவரைக் கண்டதும் அம்மா என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஒன்பது வயதான எனக்குத்தான் கொஞ்சமாவது "டொச்", அதாவது ஜெர்மன் மொழி, தெரியும். அவர் நீளமாகச் சொன்ன ஒரு சொல்லில் கடைசித் துண்டான "ஷுட்ஸ்" மட்டும் எனக்குப் பிடிபட்டது. எங்கள் அசூல் பற்றிப் பெரியவர்கள் கதைக்கும்போது ஓயாமல் அடிபடுகிற சொல் அது. பாதுகாப்பு என்று அர்த்தம்.

"என்னவாம்? எங்களைப் போகச் சொல்லுறாரோ?" என்றார் அம்மா.

"இல்லையம்மா. இந்த வீட்டுக்குப் பாதுகாப்புக் குடுத்திருக்கினமாம்."

"வீட்டுக்கோ? எங்களுக்கு முதலோ?"

"ஓம்."

"எவ்வளவு காலமாய் இஞ்ச இருக்குதாம்?"

கேட்டுச் சொன்னேன். "நானூறு வருசமாம்."

அம்மா யோசித்தார். "அப்ப சரிதான். நாங்கள் நேற்று வந்த ஆக்கள். அதுக்குத்தானே முதல் குடுக்க வேணும்."

அம்மா என்ன சொல்கிறார் என்று அவர் கேட்க, நானும் மறைக்காமல் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். இந்தப் பழைய தெருக்களின் தோற்றத்தை யாரும் மாற்றக்கூடாது என்பது சட்டம், பச்சைதான் போகவேண்டும், நீங்கள் அல்ல என்று எனக்கு விளங்கும்படி ஆறுதலாகச் சொன்னார். அதை நான் தமிழில் சொல்லக் கேட்ட அம்மா அழுகையும் சிரிப்புமாக அவரை இருத்தி, வருடப்பிறப்புக்குச் சுட்ட பயத்தம் பணியாரத்தை எடுத்து வைத்தார். அடுத்த கிழமை அந்தப் பெரியவரே சரியான மண்ணிறத்தோடு வந்து, அப்பாவோடு சேர்ந்து தூரிகை பிடித்தார்.

எங்களுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. அன்று அம்மா முதலில் கதவைத்தான் தடவிக்கொடுத்தார்: "எங்களுக்கும் தந்திட்டினம், கேட்டியோ."

இப்போது அந்த வீட்டில் பல்வைத்தியர் ஒருவர் இருக்கிறார். தெருவில் ஒரு கல்கூட மாறவில்லை, மாற விடமாட்டார்கள். அந்தக் கிளிப்பச்சைதான் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த அந்தப் பயந்த அம்மாவும் இல்லை. போன கிழமை அம்மாவோடு அந்த வழியால் நடந்தபோது, படமெடுத்துக்கொண்டிருந்த உல்லாசப் பயணி ஒருவர், நீங்கள் எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். நான் வாய் திறக்கும் முன்னமே அம்மா தெருவைக் காட்டி, தமிழிலேயே சொன்னார்:

"இஞ்சதான்."