வருவது நூறு, போவது அரை

சாவித்திரிக்குத் தன் வீட்டு இன்டர்நெட்டைப் பற்றிக் கொஞ்சம் கர்வமே உண்டு. பெங்காலிகள் ஊரில், லேக் மார்க்கெட் பக்கம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கணவர் போனபின் தனியாக இருக்கிறவள். டொரன்டோவில் இருக்கும் ஒரே பிள்ளை விக்ரமைப் பார்ப்பதற்கென்றே நூறு எம்பிபிஎஸ் வேகத்தில் கனெக்‌ஷன் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் திரையில் வந்தால், சவரம் பண்ணாத தாடிகூடப் பளிச்சென்று தெரியும்.

ஆரம்பத்தில் அவன் முணுமுணுத்ததுண்டு. "விட்டு விட்டுக் கேக்கறதும்மா."

"எனக்கு நன்னா கேக்கறதே! கோளாறு உன் பக்கம்தான், போய்ப் பாரு" என்று ஒரே போடாகப் போட்டாள், வகுப்பறைக் குரலில். அப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன மாதம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னாள். "மார்ல ஒரு கட்டிடா. கேன்சர்னுட்டா. ஆபரேஷன் பண்ணணுமாம்."

விக்ரம் சிரித்தான். "சூப்பர்ம்மா! பண்ணிடு."

சாவித்திரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவனிடம் அவள் மூச்சே விடவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்ப் படுத்துக்கொள்வது என்று முடிவு கட்டிவிட்டாள்.

நேற்று எதிர் வீட்டு சுப்ரியா லேப்டாப்போடு வந்து நின்றாள். அவள் வீட்டு நெட் போய்விட்டதாம், ஆபீஸ் மீட்டிங்காம். சாவித்திரி பெருமையோடு இடம் கொடுத்தாள். மற்றவர்கள் பேசியது அறை முழுக்கக் கேட்டது. சுப்ரியா கத்தியதோ அங்கே ஒருவர் காதிலும் விழவில்லை. வேகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அவளைச் சித்தி முறை வைத்துப் பெங்காலியில் சொன்னாள்.

"மாஷிமா, விளம்பரத்துல போடற நூறு உள்ள வர்ற வேகம். உங்க வீட்டுலேர்ந்து வெளிய போற வேகம் வேற. இங்க அது ஒண்ணுல அரைகூட இல்ல. வர்றதுக்கு அகலமான ராஷ்பிஹாரி அவென்யூ, போறதுக்கு முட்டுச்சந்து. அவங்க முகம் உங்களுக்குத் தெரியும், உங்க பேச்சு அவங்களுக்குப் போகாது."

சாவித்திரிக்கு விக்ரமின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அப்படியானால் அன்றைக்கு அவன் காதில் விழுந்தது என்ன?

சாயங்காலம் சுப்ரியா வீட்டு நெட் திரும்பியதும் அங்கே போய் விக்ரமைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இன்னிக்குப் பளிச்சுன்னு தெரியறியே!" என்றவன் முகம் மாறியது. "ஏம்மா இப்படி இளைச்சுட்டே?"

"போன மாசம் நான் ஆபரேஷன்னு சொன்னப்போ உனக்கு என்னடா கேட்டுது?"

"ஆபரேஷனா? 'பண்ணணும்'னுதான் ஏதோ கேட்டுது. வீட்டுக்கு பெயின்ட் பண்ணப் போறியாக்கும்னு நெனச்சேன்."

"கேக்கலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொன்னா என் பக்கம்தான் கோளாறுன்னு கோவிச்சுப்பே. மாசக்கணக்கா சும்மாத் தலையை ஆட்டிண்டிருக்கேம்மா. யாருக்கு ஆபரேஷன்?"

சாவித்திரி திரையை நெருங்கி உட்கார்ந்தாள். இப்படிப்பட்ட பிள்ளையையா மனசுக்குள் அத்தனை திட்டு திட்டினோம்?

"எனக்குடா" என்றாள்.

இந்தத் தடவை அது போய்ச் சேர்ந்துவிட்டதை அவன் முகத்திலேயே பார்த்தாள்.