வில்லங்கம் இல்லாத கால்

எங்கள் செஞ்சி ஃபுட்பால் டீம் ஜில்லா லீகில் இரண்டாம் டிவிஷனில் ஆடியது. மூன்றாம் டிவிஷன் என்று ஒன்று கிடையாது. இருந்திருந்தால் அதில்தான் கிடந்திருப்போம். யுத்தம் வந்து தேறின ஆட்களையெல்லாம் பட்டாளம் அள்ளிக்கொண்டு போன பிறகு பதினோரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. எங்கள் கோல்கீப்பர் தாலுகா ஆபீஸ் பியூன். பொழுது சாய்ந்தால் அந்த மனுஷனுக்குக் கண் தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஊரே கோட்டை மதிலுக்கு வெளியே அந்தப் பொட்டலில் கூடிவிடும். முதல் ஆளாகப் போய், கடைசி ஆளாகத் தொண்டை கட்டித் திரும்புகிறவன் நான்.

ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. 'மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை' என்று எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ. வாரம் ஆறு நாள் அடுத்தவன் நிலத்துக்கு எல்லை எழுதினேன். எனக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்டது இந்த டீம் ஒன்றைத்தான். சால்ஜாப்புக்காக இதைச் சொல்லவில்லை. எப்பேர்ப்பட்ட பித்து என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

டீமில் ஆட்டக்காரன் என்று சொல்ல ஒரே ஒருவன் இருந்தான். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவன், வயது இருபத்திரண்டு, இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் அவுட். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் வெறுங்கால்தான். இவன் மட்டும் இடது கணுக்காலில் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றிக் கட்டியிருப்பான். கல்யாணமான புதிதில் பெண்டாட்டியின் பழம்புடவை முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து விளையாட்டாகக் கட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்கு மூன்று கோல் போட்டான். அதிலிருந்து அது இல்லாமல் இறங்க மாட்டான்.

"டேய், ஊர்ல அவனவன் பொண்டாட்டி முந்தானைய கையில புடிச்சிக்கினு சுத்துறான், நீ கால்ல கட்டிக்கினு சுத்துறியே!" என்று கிண்டல் செய்வோம். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

திண்டிவனத்தோடு ஆட்டம் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். "ண்ணா, இன்னிக்கி மில்லுலேர்ந்து ஆள் வராரு, என் ஆட்டத்தப் பாக்க" என்றான். கடலோரப் பட்டணத்தில் ஒரு மில். அவர்களுக்கென்று ஒரு டீம் இருந்தது. நன்றாக ஆடுகிறவனை மில்லிலேயே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

"வேல கெடச்சா மாசச் சம்பளம்ண்ணா. அரிசி வேற தராங்களாம். மண்டியில வருசத்துக்கு நாலு மாசம்தான் மூட்ட. மத்த நாள்ல கூழுக்கே அவ பக்கத்து வூட்டுல கை நீட்டுறா. இப்ப முழுவாம வேற இருக்கா." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "நீங்க அவரு பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுங்கண்ணா. நாலெழுத்துப் படிச்சவரு. நீங்க சொன்னா எடுபடும்."

"அதுக்கென்னடா, நான் பாத்துக்கறேன், நீ ஒழுங்கா ஆடு" என்றேன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன்.

மில்காரர் பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டின பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தோம், அவருக்கொன்று எனக்கொன்று. ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் பியூன் ஒரு கோலை விட்டார். பந்து அவர் காலுக்கு நடுவில் நடந்து போயிற்று. "நைனா, பந்து அங்க போவுது பாரு, போய் சலாம் போடு!" என்று எவனோ கத்தினான். நான் ரெபரியைத் திட்டினேன். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. யாரையாவது திட்ட வேண்டும், திட்டினேன்.

எங்கள் பொட்டலில் மேற்குக் கோடியில் மண்ணுக்குள்ளிருந்து பாறை முளைத்திருக்கும். உள்ளூர்க்காரனுக்கு அது பழகிப்போயிற்று. வெளியூர்க்காரன் அங்கே வந்தால் விரல் பெயர்ந்துவிடுமோ என்று காலை அடக்குவான். திண்டிவனத்துத் தடியன் அங்கே ஒரு நொடி தயங்கினான். அந்த ஒரு நொடி போதும் நம் ஆளுக்கு. பந்தைப் பாறைக்கு மேலே தட்டிவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டு போய், இடது காலால் ஒரே அடி. ஒன்றுக்கு ஒன்று. ராஜகிரி மலையின் நிழல் பாதி மைதானத்துக்கு வந்தபோது இன்னொன்று போட்டான். அது இன்னும் அழகு. மூன்று பேரை உட்கார வைத்துவிட்டுப் போட்டான். நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கத்திக்கொண்டிருக்கும்போதே அந்த நினைப்பு வந்தது. அடுத்த ஞாயிறு இவன் இங்கே இருக்க மாட்டான். இதே காலை அந்தப் பட்டணத்துக்காரன் பார்த்துக் கைதட்டுவான். எங்களுக்கு மிச்சம் பியூன்.

மில்காரர் என் பக்கம் குனிந்தார். "அந்த லெஃப்ட் அவுட் நல்லா ஆடறானே. கால்ல என்ன சிவப்பா கட்டு? ரத்தமா?"

'அது அவன் பொண்டாட்டி முந்தானை சார்' என்ற பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். சிரித்துவிட்டு வேலையும் கொடுத்திருப்பார். நான் சொன்னது இது: "பழைய அடி சார். மழைக்காலம் வந்தா வீங்கிக்கும். கட்டுப் போட்டுக்கினுதான் ஆடுவான், பாவம்."

அந்தப் 'பாவம்' எதற்குச் சேர்த்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் "அடடா" என்றார். நோட்டைப் பாக்கெட்டில் வைத்தார். விசில் ஊதும் முன்பே குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இந்த ஒரு சீசன் மட்டும் இருக்கட்டும், அடுத்த வருஷம் நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்ம டீம், நம்ம டீம் என்று மார் தட்டுகிறவனை நம்பாதீர்கள். அவனுக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கத்துவதற்கு ஒரு சாக்கு.

ஆட்டம் முடிந்து தோளில் தூக்கி வந்தவர்களிடமிருந்து குதித்து அவன் என்னிடம் ஓடிவந்தான். "இன்னாண்ணா சொன்னாரு?"

"பாக்கலாம்னு சொன்னார்டா."

"சாவுற வரைக்கும் உங்கள மறக்க மாட்டேண்ணா" என்றான். அவன் வேர்வை என் சட்டையெல்லாம் ஒட்டியது.

ஒரு மாதம் போயும் தகவல் இல்லை. அவன் கேட்டதற்காக நானே மில்லுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். பதில் கார்டு வந்தது. 'காலில் பழைய அடி உள்ளவரைச் சேர்த்துக்கொள்வதற்கில்லை.' படிக்கத் தெரியாதவன்தானே, வேறு மாதிரி படித்துக் காட்டியிருக்கலாம். பத்திரக்காரன் புத்தி, இருந்ததை இருந்தபடி படித்துவிட்டேன்.

"எனக்கா? பழைய அடியா?" என்று இடது காலை நீட்டித் தானே பார்த்துக்கொண்டான். "எந்தப் பாவிண்ணா சொல்லியிருப்பான்? திண்டிவனத்தான் எவனாவது வவுத்தெரிச்சல்ல சொல்லியிருப்பான். நம்ம ஊர்க்காரன் சொல்ல மாட்டான்."

"ஆமாண்டா, அப்டித்தான் இருக்கும்" என்றேன்.

மண்டியில் மூட்டை நின்றுபோன மாதத்தில் அவன் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். டாக்டர் சோதித்துக் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தான். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். கை கால்களில் எந்தக் குறையும் இல்லை.

"இன்னொரு வாட்டி படிங்கண்ணா."

படித்தேன்.

"இதுக்கு ஒரு நகல் எடுத்து அந்த மில்லுக்கு அனுப்பிடுங்க. அவங்க தெரிஞ்சிக்கட்டும். அப்பவாவது கூப்டறாங்களா பாக்கலாம்."

நகல் எடுத்தேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எடுத்தேன். தபாலில் போடவில்லை. 'உங்கள் ஊர்க்காரர்தானே சொன்னார்' என்று பதில் வந்துவிட்டால்? அந்தப் பயம். அவன் அந்த வாரமே பஸ் ஏறினான். அடுத்த ஞாயிறு பத்து பேரோடு இறங்கி ஏழு கோல் வாங்கினோம். சீசன் முடிவதற்குள் டீமே கலைந்துபோயிற்று.

அவன் பெண்டாட்டி மாதம் ஒரு தரம் கைக்குழந்தையோடு என் எழுத்துப் பலகைக்கு முன்னால் வந்து நிற்பாள். "மில்லுக்காரங்க பதில் போட்டாங்களாண்ணா?"

"இன்னும் வரலம்மா."

பர்மா எல்லையிலிருந்து வந்த தந்தியையும் நான்தான் படித்துச் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவள் மறுபடியும் வந்தாள். பென்ஷன் மனு எழுதத்தான் வந்திருப்பாள் என்று காகிதத்தை எடுத்தேன்.

"அதுக்கில்லண்ணா" என்றாள். "அவரு கால்ல கொற இல்லன்னு அந்த மில்லுக்காரங்களுக்குத் தெரிஞ்சிச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரிஞ்சிச்சும்மா" என்றேன்.