குட்டை முடியும் நீட்டு முடியும்

முதல் வாய் சோற்றைப் போட்டுக்கொண்டே சரசாக்கா தென்கொரியாவுக்குள் நுழைந்துவிடுவார். "நேத்து எங்க உட்டேன்?" என்று கேட்பார். நான்கு பேர் ஒரே நேரத்தில் நான்கு பதில் சொல்வார்கள். "இன்னாத்தடி கேட்டுகினு இருந்தீங்க?" என்று நால்வரையும் திட்டிவிட்டு, கருவாட்டு முள்ளைப் பிரித்து டிபன் மூடியின் ஓரத்தில் வரிசையாக வைத்தபடி விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். சங்கு ஊத இருபத்தைந்து நிமிடம் இருக்கும். அதற்குள் இரண்டு பேராவது அழுதாக வேண்டும். இல்லையென்றால் அன்றைய சாப்பாடு அவருக்குச் செரிக்காது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் சின்னக் கம்பெனி. நான் ஸ்டோரில் இருக்கிறேன். சரசாக்கா பிசிறு வெட்டும் பிரிவில். அச்சிலிருந்து வரும் வாஷரின் ஓரத்தில் பூனை மீசை போல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரைச் சின்னக் கத்திரியால் நறுக்கித் தள்ளுவது வேலை. பதினேழு வருடமாக மீசை எடுக்கிறார். வயது நாற்பத்தேழு. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டில் தன் முகத்தை மறைத்து, சீருடை போட்ட ஒரு கொரியப் பள்ளிக்கூடப் பெண்ணின் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார். கேட்டில் செக்யூரிட்டி கேட்டதற்கு, "சின்ன வயசுல எட்த்தது. நல்லா பாரு, அதே மூக்கு" என்றார். செக்யூரிட்டி நல்லா பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

அவர் பார்ப்பது ஒரே ஒரு தொடர். சியோலில் ஒரு பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு தோழிகள். ஆவடியில் ரயில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்குவதற்குள் கால் எபிசோடு முடியும். அன்னனூர் தாண்டி அழுகைக் காட்சி வந்தால் அம்பத்தூர் வரை அழுவார். தமிழ் டப்பிங்தான், ஆனால் அந்தத் தமிழ் அவருக்கு ஆகாது. "'என் இதயத்தை நொறுக்கிவிட்டாயே தோழி'ன்றா. எந்த ஸ்கூல்ல எவ இப்டி பேசறா? 'போடி, உன் சங்காத்தமே வேணாம்'னு சொல்லினு போவாளா, அத உட்டுட்டு!" ஆகவே ஒவ்வொரு மதியமும் அந்தப் பெண்கள் ஆவடித் தமிழில் மறுபடி சண்டை போட வேண்டியிருக்கிறது.

பெயர்களையும் அவர் தூக்கி எறிந்துவிட்டார். ஒருத்தி குட்டை முடி, ஒருத்தி நீட்டு முடி. சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும் கணக்கு வாத்தியாருக்கு எங்கள் சூப்பர்வைசர் உலகநாதனின் பெயரையே வைத்திருக்கிறார். அசல் உலகநாதனுக்கு இது தெரியாது. தான் கடந்துபோகும்போதெல்லாம் பெண்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவர் கண்ணாடி முன் நின்று சட்டைப் பித்தான்களைச் சரிபார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"மத்தியானம் ரெண்டு பேரும் கருவாடு தொட்டுகினு துன்றாளுங்க" என்பார் சரசாக்கா.

"அக்கா, அது கிம்சி. முட்டைக்கோஸ்" என்பாள் டிரெய்னி நிஷா.

"நீ பாத்தியா? நான் பாத்தேன். மொச்ச போட்ட கருவாடு. கம்னு கேளு."

அடுத்த மேசையில், முதுகைக் காட்டிக்கொண்டு பேபியக்கா சாப்பிடுவார். பதினோரு வருடம் இவர்கள் இருவரும் ஒரே வேலை மேசையில் எதிரெதிரே, முழங்கால் இடிக்க உட்கார்ந்தவர்கள். ஒருவர் கத்திரி நின்றால் மற்றவர் நிமிர்ந்து பார்ப்பார். ஜனவரியில் ஒரு டப்பா வாஷர் பிசிறோடு திரும்பி வந்தது. வெட்டியவர் எண் எழுதிய சீட்டு அதில் இல்லை. "யாருது இது?" என்றார் உலகநாதன். சரசாக்கா தலையைக்கூடத் தூக்காமல், "பேபியுது" என்றார். பேபியக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்து டப்பாவைக் கழுவும்போது சீட்டு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதில் சரசாக்காவின் எண். கொடுத்த மெமோவைத் திரும்ப வாங்குவதற்கு ஃபாரம் கிடையாது என்று உலகநாதன் சொல்லிவிட்டார். சரசாக்கா சொன்னது இன்னும் சுருக்கம்: "ரெண்டும் ஒரே டேபுளுதான?"

அன்றைக்கே பேபியக்கா மேசை மாறினார். பேச்சும் நின்றது. இது நடந்து நான்கு மாதமாகிறது.

போன வாரம் அடுத்த சேதி வந்தது. திருமழிசையில் கம்பெனியின் புது யூனிட் திறக்கிறது. விருப்பப்பட்டவர்கள் போகலாம். பேபியக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். வீடு இருக்கும் நூம்பலிலிருந்து அது பக்கம் என்பது அவர் சொன்ன காரணம். சனிக்கிழமை கையெழுத்து. போட்டுவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து இங்கே வர மாட்டார்.

அன்றிலிருந்து சரசாக்காவின் குரல் ஏறிவிட்டது. கேட்பது நான்கு பேர், சத்தம் நாற்பது பேருக்கு. கதையும் வேகமெடுத்தது. பரீட்சையில் பெஞ்சுக்கடியில் பிட்டுப் பேப்பர் கிடைக்கிறது. வாத்தியார் உலகநாதன் யாருடையது என்று கேட்க, குட்டை முடி பயத்தில் நீட்டு முடியைக் கைகாட்டிவிடுகிறாள். அதற்கப்புறம் நீட்டு முடி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறாள்.

சனிக்கிழமை சரசாக்கா சோற்றில் கையே வைக்கவில்லை.

"பனி கொட்டுது. நீட்டு முடி ஸ்கூல மாத்தினு போவப் போறா. பையெல்லாம் கட்டிட்டா. அப்ப அவளுக்கே தோணுது, 'ச்சீ, அவ பயத்துல தான சொன்னா, நான் தான் ஓவரா பண்ணிட்டேன்'னு. செருப்புகூட போடாம ஓடியாந்து, குட்ட முடி ஊட்டு வாசல்ல நின்னு, 'என்ன மன்னிச்சிடுடி'ன்னு…"

"அவ ஒண்ணும் மன்னிப்பு கேக்கல."

முதுகுதான் பேசியது. பேபியக்கா திரும்பவில்லை.

"போட்டுக் குட்த்தவ குட்ட முடி. பனில வந்து நின்னதும் குட்ட முடி. நீட்டு முடி எதுக்குக் கேக்கணும்?"

சரசாக்கா டிபனைத் தள்ளி வைத்தார். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்பலேர்ந்து?"

"நீ என்னிக்கு இங்க கத ஆரம்பிச்சியோ அன்னிலேர்ந்து. நீ சொல்றதுல பாதி அதுல இல்ல. கருவாடும் இல்ல."

"அப்ப இவ்ளோ நாளா நாங்க அழுதது?" என்று நிஷா ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த ஜெபாக்கா அவள் தொடையில் கிள்ளினார். "கம்னு கீடி. இப்பதான் கதையே ஆரம்பிக்குது."

உலகநாதன் சத்தமில்லாமல் வந்து நின்றது அப்போதுதான். கையில் திருமழிசைப் பட்டியல். "பேபிம்மா, ஒரு கையெழுத்து." காகிதத்தை மேசையில் வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பேபியக்கா கையைக் கழுவி, புடவையில் நிதானமாகத் துடைத்தார். அதற்குள் சரசாக்கா எழுந்து வந்துவிட்டார்.

"சார், அந்த ஜனவரி டப்பா என்னுது."

"அது முடிஞ்ச விஷயம்மா."

"உனுக்கு முடிஞ்சிது சார். நான் பாக்காமயே இவ பேர சொல்லிட்டேன். மெமோவ எனுக்குக் குடு."

"அதுக்கு ஃபாரம்…"

"ஃபாரம் இல்லாட்டி வெள்ளப் பேப்பர்ல எழுது."

உலகநாதன் சட்டைப் பித்தான்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பேபியக்கா சரசாக்காவை ஏறிட்டுப் பார்த்தார், ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக. பேனாவை வாங்கக் கையை நீட்டினார்.

சரசாக்கா சூப்பர்வைசரிடமிருந்து பேனாவைப் பிடுங்கினார். அதைத் தன் கொண்டைக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டார்.