மிஸ் மரியாதைக்குச் சொன்னதல்ல

பிள்ளைகளே, எங்கள் ஊரில் குண்டுப் பிள்ளை என்று ஒருவரும் கிடையாது. தொடையில் மடிப்பு விழுந்த பிள்ளையைக் கண்டாலும் "எலும்பும் தோலுமாக் கிடக்கே" என்றுதான் சொல்லுவோம். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். வாய் தவறிக் "கொழுகொழு" என்று சொன்னவர் கையோடு "மாஷா அல்லாஹ்" சொல்லவில்லை என்றால் பிள்ளையின் உம்மா அவரைப் பார்க்கும் பார்வையே வேறு.

நான் கல்முனைச் சந்தையில் கிழங்கும் வெங்காயமும் விற்பவன். நிறுப்பதுதான் என் தொழில். ஆனால் என் மகளின் நிறையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அவளுக்கு அப்போது நாலு வயது. கிளினிக்கில் ஒரு தொங்கு தராசு. அதில் மாட்டிய துணிக் காற்சட்டைக்குள் மகளை இறக்கித் தூக்கிவிட்டதும் அவள் கூத்தாடினாள்.

"வாப்பா, ஆட்டுங்க! இன்னும் ஆட்டுங்க!"

பிள்ளைகளை நிறுக்கும் மிஸ் முள்ளைப் பார்த்துவிட்டு, "புள்ள மெலிவு. நிறை ஏறவே இல்ல" என்றார்.

என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, மிஸ் முஸ்லிம் இல்ல, தமிழ் ஆள். ஆனா எங்கட ஆக்கள் மாதிரி எவ்வளவு மரியாதையாச் சொல்றா!" என்று என் காதில் சொன்னாள். நான் மிஸ்ஸுக்கு நன்றி சொன்னேன். அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அடுத்த தடவையும் அதே சொல். "இன்னும் மெலிவுதான்."

"உங்கட நல்ல மனசு மிஸ்" என்றேன்.

மிஸ் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் மனசுல இருந்து சொல்லல்ல. தராசைப் பாத்துச் சொல்றன். உண்மையாவே மெலிவு. இப்பிடியே போனா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வரும். வீட்டில என்ன சாப்பிர்றா?"

மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சோறு திங்கவே மாட்டாள் மிஸ். தேத்தண்ணி மட்டும் நல்லாக் குடிப்பாள்."

என் தேநீர்க் கோப்பையில் ஒரு வாய், அவள் உம்மாவின் கோப்பையில் ஒரு வாய், பக்கத்து வீடு, எதிர்வீடு. எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லா வீடும் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றியது. அத்தனையும் சீனிப் பாகு.

"அந்த வயித்தில சோத்துக்கு இடமெங்க?" என்றார் மிஸ். "தேத்தண்ணிய நிப்பாட்டுங்க. முட்டை, மீன், பருப்பு, இலைக்கறி குடுங்க. சோத்தில ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊத்துங்க."

அன்றே நான் வீடு வீடாகப் போனேன். "தயவு செஞ்சு எங்கட மகளுக்குத் தேத்தண்ணி குடுக்காதீங்க."

பக்கத்து வீட்டு ராத்தா பதறிப்போனார். "ஏன் தம்பி, எங்கட தேத்தண்ணியில என்ன குறை? சீனி பத்தாதா?"

மகள் சும்மா இருப்பாளா? வெறும் கோப்பையைக் கவிழ்த்து வைத்துத் தட்டித் தட்டி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பசி வந்தபிறகுதான் மீனும் சோறும் உள்ளே போயின. ஒரு நாள் தட்டை வழித்துவிட்டு, "உம்மா, இன்னொரு முட்டை" என்றாள். நான் துள்ளிய துள்ளில் கதவு நிலையில் தலை இடித்தது.

"துள்ளாதீங்க, கண்ணூறு!" என்றாள் மனைவி. அவளும் துள்ளிக்கொண்டுதான் நின்றாள்.

எனக்குப் பொறுமை இல்லை. அவளைக் கடைக்குக் கூட்டிப் போய்க் கிழங்குத் தராசில் ஏற்றிவிட்டேன். கிழங்கு வாங்க வந்த பெரியவர், "இது கிலோ என்ன விலை?" என்று கேட்டார்.

"விக்கிறதுக்கு இல்ல காக்கா!"

பிறகு கிளினிக் நாள். மகள் தராசில் தொங்க, மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஓதினாள். மிஸ் முள்ளைப் பார்த்தார். குனிந்து இன்னொரு முறை பார்த்தார்.

"ஏறிட்டு! நல்லா ஏறிட்டு! கொழுகொழு எண்டு வந்திட்டா!"

வரிசையில் நின்ற உம்மாமார் எல்லாரும் சட்டென்று மிஸ்ஸை அந்தப் பார்வை பார்த்தார்கள். மனைவி கண்ணைத் திறந்தாள்.

"மிஸ்..."

மிஸ் வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குள் இருந்தே, "மாஷா அல்லாஹ்!" என்றார்.

வரிசை முழுக்கச் சிரிப்பு. எல்லாரும் சேர்ந்து, "மாஷா அல்லாஹ்!" என்றார்கள். மேலே தொங்கியவளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

"வாப்பா, இன்னும் ஆட்டுங்க!"

ஆட்டினேன்.