முப்பத்தோரு குரல்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தின் முன்னால் இருக்கும் தண்ணீர்ப் பரப்பு ஒரு காலத்தில் வயல். சுனாமியின்போது எங்கள் தீவில் நிலம் இறங்கியது, கடல் உள்ளே வந்தது, பிறகு திரும்பிப் போகவே இல்லை. தலையில்லாத பாக்கு மரங்கள் இன்னும் தண்ணீரில் வரிசையாக நிற்கின்றன. பின்னால் மலை. உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. நடுவில் விளையாட்டு மைதானம்.

நான் தலைமை ஆசிரியையாகி நான்கு வருடம் ஆகிறது. பத்தாம் வகுப்பில் என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். அவள் அப்பாவுக்கு வேறு தீவில், கார் நிக்கோபாரில் வேலை. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் ஒரே ஸ்கூட்டரில் வருவோம். கேட்டைத் தாண்டியதும் நான் அவளுக்கு மேம்.

சென்ற வருடம் நிலநடுக்கப் பயிற்சியின் முறையை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அதுவரை மணி அடித்தால் எல்லோரும் மைதானத்தில் கூட வேண்டும், வகுப்புவாரியாக அட்டெண்டன்ஸ் எடுக்க வேண்டும், பிறகுதான் மலை ஏற வேண்டும். புதிய முறையில் மைதானமே கிடையாது. நிலம் நீண்ட நேரம் ஆடினால், நின்றவுடன் அவரவர் இருக்கும் இடத்திலிருந்து நேராக மேலே போக வேண்டும். யாரும் யாருக்காகவும் நிற்கக் கூடாது. எங்கள் புவியியல் ஆசிரியர் வகுப்பு வகுப்பாகப் போய் இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். பஹலே ஊப்பர், முதலில் மேலே, எண்ணிக்கை பிறகு.

நான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் மாற்றவில்லை. கேட்டவர்களிடம் மலைப்பாதை வழுக்குகிறது, மழை முடியட்டும் என்றேன். மழை முடிந்தது. கைப்பிடிக் கம்பி வரட்டும் என்றேன். அதுவும் வந்தது.

உடற்பயிற்சி ஆசிரியர் ராமநாதபுரத்துக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கே ஜங்லிகாட்டில். அவர் மட்டும் நேராகச் சொன்னார். “மேடம், நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள கடலே வந்து அட்டெண்டன்ஸ் போட்டுட்டுப் போயிரும்.”

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எனக்குக் கோபம். எண்ணாமல் போவது என்றால் என்ன என்று இவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

சுனாமி வந்தபோது நான் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பள்ளி முகாமாக மாறியது. மற்ற தீவுகளிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களின் பெயரை எழுதும் மேஜையில் என்னை உட்கார வைத்தார்கள். பிறகு சொந்தங்களைக் காணாமல் வந்தவர்கள் அந்தத் தாள்களில் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடுவார்கள். விரல் ஓரிடத்தில் நின்றால் ஒரு சத்தம் கேட்கும். நிற்காமல் அடிவரை போனால் எந்தச் சத்தமும் கேட்காது. அந்த விரல்கள் அடுத்த தாளுக்குப் போகும். எழுதி வைத்த பெயர் தொலையாது என்ற எண்ணம் எனக்குள் அப்போது வேரூன்றியது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், மூன்றாவது பீரியட். முதலில் ஜன்னல் கண்ணாடிகள் பேசத் தொடங்கின. பிறகு தரை ஆடியது. சின்ன ஆட்டம் எங்களுக்குப் பழக்கம்தான். இது நிற்கவில்லை. நின்றபோது ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. வயல் தண்ணீர் மட்டும் காற்றே இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

மணி அடிக்கச் சொன்னேன். புவியியல் ஆசிரியர் மேலே கை காட்டினார். நான் மைதானத்தைக் காட்டினேன். பிள்ளைகள் என் கையைத்தான் பார்த்தார்கள்.

பத்தாம் வகுப்பின் ஆசிரியை மெயின்லேண்டுக்கு விடுப்பில் போயிருந்ததால் அந்த வகுப்பை நானே எடுத்தேன். ரிஜிஸ்டரைப் பார்த்து எண்களைக் கூப்பிட்டேன். இருபத்து மூன்று என் மகள். “யெஸ் மேம்” என்று குரல் வந்தது. காலையிலிருந்தே அவளுக்கு லேசாக ஜலதோஷம். அந்தக் கரகரப்புகூடக் குரலில் இருந்தது என்று நான் சத்தியம் செய்திருப்பேன். முப்பத்தோரு எண்கள், முப்பத்தோரு பதில்கள். எனக்கு மூச்சு சீரானது.

உடற்பயிற்சி ஆசிரியர் வரிசையில் தலைகளைத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். “முப்பதுதான் மேடம் இருக்கு” என்றார்.

மறுபடி எண்ணச் சொன்னேன். முப்பது. மறுபடி எண்களைக் கூப்பிட்டேன். முப்பத்தோரு பதில்கள். மூன்றாவது தடவை ரிஜிஸ்டரைப் பார்க்காமல் வரிசையைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டேன்.

இருபத்து மூன்று என்றேன். என் மகள் வழக்கமாக நிற்கும் பக்கத்திலிருந்து “யெஸ் மேம்” என்று வந்தது. அங்கே அவள் இல்லை. அவளுடைய சிநேகிதியின் உதடுகள்தான் அப்போது மூடின.

அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அதற்கு இன்னும் வெட்கப்படுகிறேன். என் மகள் லேபில் விட்ட நோட்டை எடுக்கப் போயிருந்தாளாம். நிலம் ஆடி நின்றதும் அங்கிருந்தே மலைப்பாதையில் ஓடியதை இவள் பார்த்தாளாம்.

“அப்புறம் ஏன் பதில் சொன்ன?”

அவள் அழவில்லை. “யாரும் பதில் சொல்லலேன்னா நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருப்பீங்க மேம். நாங்க எல்லாரும் இங்கயே நிக்கணும். சீக்கிரம் முடியட்டும்னுதான்.”

ரிஜிஸ்டரை மூடி மலையைக் காட்டினேன். எல்லோரும் ஏறினோம். கடல் வரவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை.

என் மகள் தொட்டியின் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். கட்டிப்பிடிக்கப் போனேன். கையால் தடுத்தாள்.

“பன்னெண்டு நிமிஷம்மா. வாட்ச்ல பாத்துட்டே இருந்தேன். வெள்ளை யூனிஃபார்ம்ல வரிசையா நின்னீங்க. ஒருத்தர்கூட அசையல. நான் இங்க இருந்து கத்தினேன். யாருக்கும் கேக்கல.”

அவள் நின்ற இடத்திலிருந்து நான் கீழே பார்த்தேன். மைதானம் காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டி அந்த மொட்டை மரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எங்களைத்தான் அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் மைதானத்தில் கூடும் முறையை நிறுத்திச் சுற்றறிக்கை எழுதினேன். எழுதுவது சுலபம். அடுத்த பயிற்சி நாளில் மணி அடித்ததும் நானூறு பிள்ளைகளும் அவரவர் இருந்த இடத்திலிருந்து மலைக்குப் போனார்கள். சில நிமிடங்களில் கட்டிடம் காலி. மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. நானும் போக வேண்டும் என்பது விதி, கடைசி ஆளாக நிற்கக் கூடாது. லேபின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது போல இருந்தது. என் கால்கள் அங்கே திரும்பின. சுவரைப் பிடித்துக்கொண்டு அவற்றைப் பாதைப் பக்கம் திருப்பினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சத்தம் என்னவென்று இன்றும் எனக்குத் தெரியாது.

பாதையின் இரண்டாவது வளைவில் என் மகள் நின்றிருந்தாள். மற்ற பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கீழே பார்த்தபடி, நான் வருகிறேனா என்று காத்திருந்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து ஏறத்தான் ஆசை. “எனக்காக நிக்காத. போ” என்றேன்.

“ம்மா...”

“போன்னு சொல்றேன்ல.”

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு ஓடினாள், திரும்பிப் பார்க்காமல். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினேன்.